பால் பேரம்

கள்ளக்குறிச்சி கடலை மில்லில் சொத்தை பொறுக்கிய பெண்களில் செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் கொண்டவள் ஒருத்திதான். அவள் அப்பன் கட்சிக் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிற ஆள். ஒரு கூட்டத்தில் பந்தல் கூலி கைக்கு வரவில்லை. கூலிதான் இல்லை, மேடையில் காதில் விழுந்த பெயரையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கொண்டுபோய், பிறந்திருந்த பெண்ணுக்கு வைத்துவிட்டான். அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட யாருக்கு நேரம்? செல்வி என்று நறுக்கிக்கொண்டார்கள். படிப்பையும் ஏழாம் வகுப்போடு நறுக்கினார்கள். பதினாறில் கழுத்தில் தாலி, பதினேழில் மடியில் பெண் குழந்தை.

புருஷன் கொளஞ்சியப்பன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். களமருதூரில் பிறத்தியார் நிலத்தில் கூலி செய்த குடும்பம் அது. மழை பொய்த்த ஒரு வருஷம் சட்டி பானையோடு டவுனுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் குடிசை போட்டது. அந்தக் குடிசை வரிசைக்கு வாய்க்காமேடு என்று பெயர். அங்கே பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டுப் போடுகிற வயசு ஆகவில்லை. செல்வியின் மாமியார் இருசம்மாளுக்கே முப்பத்தெட்டுதான். தலையில் ஒரு நரை கிடையாது. அவள் பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்றாள். அவள் அளக்கிற முழம் கொஞ்சம் குட்டை என்பது ஊருக்கே தெரியும். கை குட்டையா, மனசு குட்டையா என்பதில்தான் இரண்டு கட்சி.

இருசம்மாளுக்குப் பூ விற்பதோடு இன்னொரு கைவேலையும் உண்டு. பிள்ளை தவறிப்போன பெண்ணுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு நெருப்பாகக் கொதிக்குமே, அப்போது வாய்க்காமேட்டில் இருசம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். மல்லிகை மொட்டை நெருக்கித் தொடுத்து, மார்பைச் சுற்றி வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவாள். பூ வாட வாட மாற்றுவாள். சில நாளில் பால் வற்றிவிடும். அதற்கு அவள் காசு வாங்குவதில்லை. துக்க வீட்டில் பேரம் பேசக்கூடாது என்கிற அளவுக்கு அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

பிள்ளை உயிரோடு மடியில் இருக்கும்போதே ஒருத்திக்குப் பூக்கட்டு கட்டினாள் என்றால், அது செல்விக்குத்தான்.

காரணம் கடலை மில். மில்லில் செல்விக்கு ஒரு இடம் இருந்தது. கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய பருப்பில் சொத்தையையும் சுருங்கலையும் பொறுக்கித் தள்ளுகிற வேலை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை டவுனில் எத்தனை இருக்கிறது? அதனால் அந்த இடத்துக்கு அடிதடி. மில் மேஸ்திரி பிச்சைமுத்து வைத்த சட்டம் இரண்டு: கைக்குழந்தையோடு வரக்கூடாது, பால் கொடுக்கிறேன் என்று நடுவில் எழுந்து போகக்கூடாது. பிரசவத்துக்குப் போகும்போது செல்வி தன் இடத்தில் பதில் ஆளாக அடுத்த குடிசைச் சின்னப்பொண்ணை உட்கார வைத்துவிட்டுப் போனாள். அப்போதே மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

“புரட்டாசி பொறந்து ஒரு வாரத்துக்குள்ள வந்தா ஒன் எடம். வரலன்னா ஒக்காந்துகினு இருக்கறவ எடம். அப்பறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக்கூடாது.”

சின்னப்பொண்ணு கல்வராயன் மலைக்காரி. புளியும் கடுக்காயும் ஏற்ற மலைக்கு வந்த லாரியின் கிளீனரோடு கீழே இறங்கி வந்தவள். வயசு பதினாறுதான், ஆனால் ஐந்து மாசப் பையன் இருந்தான். பெயர் ராசு. ஐந்து மாசத்திலேயே ஒரு வயசுப் பிள்ளையின் கன்னம். அவள் விடியற்காலையில் பால் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போவாள். நடுவில் பக்கத்துக் குடிசை ஆயம்மாள் கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டி வைப்பாள். பொழுது சாய வந்து மறுபடி மடியில் போட்டுக்கொள்வாள்.

செல்வியின் குழந்தைக்கு இரண்டு மாசம். அந்த வயிற்றுக்குக் கூழ் ஆகாது. இருசம்மாளே வழி சொன்னாள்.

“டப்பாப் பால் குடுக்கலாம். டாக்டர் வூட்டுப் புள்ளைங்க எல்லாம் அதான் குடிக்குதுங்க. டப்பா மேல புள்ள படம் போட்டிருக்கான் பாரு, தொட்டா ரத்தம் தெறிக்கும் போல. ஒன்னோடத நிறுத்திட்டு நீ மில்லுக்குப் போ. பொண்ண நான் பூக்கூட பக்கத்துலயே போட்டுக்கறேன்.”

“இருக்கற பால நிறுத்திட்டுக் கடையில போயி பால் வாங்கணுமா அத்தே?”

“நீ வேலைக்குப் போனாதான கடைக்குப் போவ முடியும்? மலைக்காரி அந்த எடத்துல சப்பணம் போட்டு ஒக்காந்துகினு கீறா. பாய விரிச்சிப் படுக்கறதுக்குள்ள போயி எழுப்பு.”

செல்விக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது. சம்மதித்தாள்.

மொட்டு மல்லி மார்புக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, முதல் ஒரு மணி நேரம். அப்புறம் உள்ளே கல் கட்டிக்கொண்டது. கையைத் தூக்கினால் அக்குள் வரைக்கும் சுளீரென்றது. காய்ச்சல் வந்தது.

“வலிக்குது அத்தே.”

“வலிக்காம? குடியிருந்தவன காலி பண்ணச் சொன்னா சும்மா போவானா, கூரையில ரெண்டு ஓட்ட ஒடச்சிட்டுதான் போவான். பொறுத்துக்கோ.”

குழந்தை பூ வாசனைக்கு முகத்தைத் திருப்பித் திருப்பி மார்புத் துணியில் மூக்கை உரசியது. வாயில் ரப்பர் காம்பை வைத்தார்கள். துப்பியது. மறுபடி வைத்தார்கள். பசி எதையும் பழக்கிவிடும். இரண்டாம் நாள் புட்டிக்குப் பழகிவிட்டது. செல்விக்கும் கல் மெல்ல இளகி, மார்பு துவண்டது. மில்லுக்குப் போக நாள் பார்த்து வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் சாலை மறியல் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் அது. படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் தங்கள் ஜாதிக்குத் தனியாக இருபது சதவீதம் வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போவதாக ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கொளஞ்சியப்பன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சர்க்கார் ஆபீஸ் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. ஆனால் மகள் பார்க்கலாம் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“எலவனாசூர்கோட்ட ரோட்டுல மறிக்கறோம். இருபது பர்சண்ட் வாங்கிக்கினுதான் திரும்பறது.”

சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோலச் செல்வி சொன்னாள்: “டப்பாப் பாலும் அடியில வந்துடுச்சி. வர்றச்சே அதயும் வாங்கிக்கினு வா.”

அவன் போன மறுநாளே உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளிய மரங்கள் ரோட்டில் படுத்துக்கொண்டன. லாரி நின்றது, பஸ் நின்றது. லாரி வராததால் மில் நின்றது. பஸ் வராததால் இருசம்மாளுக்குப் பூவும் வரவில்லை, பூ வாங்க ஆளும் வரவில்லை. எந்த வேலைக்காகப் பாலை நிறுத்தினார்களோ அந்த வேலையும் இல்லை. எந்த டப்பாவை நம்பி நிறுத்தினார்களோ அந்த டப்பாவும் இல்லை. வாங்குகிறவனும் ஓடிப்போய், சரக்கும் அழுகிப்போன வியாபாரம்.

டப்பாவின் அடியைச் சுரண்டிக் கரைத்தாள் இருசம்மாள். காலையில் பாலாக இருந்தது மத்தியானம் மோராக இருந்தது. சாயங்காலம் அரிசி கழுவின தண்ணீராக இருந்தது. சைக்கிளில் குறுக்கு வழியாக வந்த மாட்டுப் பாலை டீக்கடைக்காரர்கள் ஊருக்கு வெளியிலேயே மடக்கி வாங்கிக்கொண்டார்கள். கெஞ்சி ஒரு டம்ளர் வாங்கிவந்து கொடுத்ததில் குழந்தைக்கு வயிற்றால் போயிற்று.

செல்வி மளிகைக் கடைக்குப் போனாள். பாதிக் கதவு திறந்திருந்தது.

“டப்பாப் பால்மாவு வேணுங்க.”

“மரம் ரோட்டுல படுத்துக்கினு இருக்குதும்மா. டப்பாவுக்கு ரெக்க மொளைக்கட்டும், வரும்.”

“பின்னால அடுக்கில ஒண்ணு தெரியுதுங்களே.”

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது வக்கீல் வூட்டுக்குச் சொல்லி வெச்சது.”

“வக்கீல் வூட்டுப் புள்ளைக்கு மூணு வயசுங்க. அது முறுக்கு கடிக்குது. நான் பாத்தேன்.”

“கடிச்சிட்டுப் பால் குடிக்கும். நீ எனக்கு ஒரு நாள் வாடிக்க, அவங்க பத்து வருஷ வாடிக்க. நீயே நியாயம் சொல்லு.”

செல்விக்கு நியாயம் புரிந்தது. அதுதான் கொடுமை. அவர் இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று தோன்ற, திரும்பிவிட்டாள்.

குடிசைக்கு வந்தபோது குழந்தையின் அழுகை சத்தமாக வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. உச்சிக்குழி லேசாகப் பள்ளமாகத் தெரிந்தது. இருசம்மாள் வயிற்றுப்போக்குக்குக் கஞ்சி காய்ச்ச யாரிடமோ கூகைக்கிழங்கு மாவு கேட்கப் போயிருந்தாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு காலை நீட்டி உட்கார்ந்து ராசுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டியில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது.

“ஏ செல்வி, ஒம் பொண்ணு அழுவறது நின்னுடுச்சே. தூங்குதா?”

“தூங்கல. அழறதுக்குத் தெம்பு இல்ல.”

 சின்னப்பொண்ணு ராசுவை இறக்கிப் பாயில் விட்டாள். அவன் பாதிப் பந்தியில் எழுப்பப்பட்ட சம்பந்திபோலக் கத்தினான்.

“இப்டிக் குடு.”

செல்வி தட்டி ஓட்டையில் நுழைந்து குழந்தையைக் கொடுத்தாள். அது முதலில் காம்பைத் துப்பியது. ரப்பருக்குப் பழகிய வாய். சின்னப்பொண்ணு ஒரு சொட்டை அதன் உதட்டில் பீய்ச்சிவிட்டு மறுபடி வைத்தாள். பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியில் சின்னப்பொண்ணே “ஸ்” என்றாள்.

“மொதப் போணி சும்மா,” என்றாள் அவள். “அடுத்ததுக்குப் பேசிக்கலாம்.”

“இன்னா பேசணும்?”

“மில்லுல அந்த எடம் எனக்கு. கேக்க வரமாட்டேன்னு சொல்லு. ரோடு தொறக்கற வரைக்கும் ஒம் பொண்ணுக்கு நான் குடுக்கறேன்.”

“மில்லே மூடிக் கெடக்குது. மூடின மில்லுக்குப் பேரம் பேசறியே.”

“தொறக்காமயா பூடும்?”

செல்வி குழந்தையின் தொண்டையைப் பார்த்தாள். இறங்குவது தெரிந்தது. கொடு என்றால் இந்த நிமிஷம் எதையும் கொடுத்திருப்பாள். ஆனால் ஐந்து வயசிலிருந்து அப்பனோடு சந்தைக்குப் போய் வந்த பெண். வாங்க வேண்டிய பொருள் விற்கிறவள் கையில் இருக்கும்போது அவசரத்தைக் காட்டக்கூடாது என்று தெரியும்.

“எடத்த முழுசாக் குடுத்துட்டா நான் இன்னாத்த திங்கறது? நான் தின்னாதான் எனக்கு ஊறும். எனக்கு ஊறலன்னா, ரோடு தொறந்தாலும் எம் பொண்ணு ஒம் மடியிலதான் கெடக்கும். வருஷம் பூரா ரெண்டு புள்ளைக்குக் குடுப்பியா?”

சின்னப்பொண்ணு யோசித்தாள். அந்தக் கணக்கை அவள் போட்டிருக்கவில்லை.

“அப்ப இன்னா சொல்ற?”

“பாதி. காலம்பற நீ போ, மத்தியானத்துக்கு மேல நான் போறேன். வூட்ல இருக்கறவ ரெண்டு புள்ளைக்கும் குடுக்கணும். ஒம் பையனுக்கும் கூழு மிச்சம்.”

“நீ குடுப்பியா? ஒன்னோடதுதான் பூ வெச்சி சமாதி கட்டியாச்சே.”

“இனிமே ஊறாதா?”

“என்னக் கேட்டா? கன்னு முட்டாம மாடு சொரக்குமா? மொதல்ல அந்தத் துணிய அவுத்துப் போடு. ஒண்ணுமில்லன்னாலும் வாயில வை. அது இழுக்கட்டும். இழுத்துட்டு வரலன்னு அழுவும், அப்பறம் எங்கிட்டக் குடு. தெனமும் மொத வாய் ஒன்னோடதுதான். அதுக்கு ஒத்துக்கினா பாதிக்கு நான் ஒத்துக்கறேன்.”

“எங்க அத்த நின்னுபோன பால் வெஷம்னு சொல்லுது.”

“எங்க மலையில பாம்புக்குத்தான் வெஷம்னு சொல்லுவாங்க,” என்றாள் சின்னப்பொண்ணு. “பூவ சாமிக்கு வெப்போம். இப்டி ஒரு எடத்துல வெப்பாங்கன்னு நான் கீழ வந்துதான் பாத்தேன்.”

அந்த நேரம் பார்த்து இருசம்மாள் வந்து சேர்ந்தாள், கையில் மாவு இல்லாமல். பேத்தி மலைக்காரி மடியில். இருசம்மாளின் குரல் வாய்க்காலின் அந்தக் கரை வரைக்கும் போயிற்று.

“அடி பாவி, ஊரு பேரு தெரியாதவ பால எம் பேத்திக்குக் குடுக்கறியா? எம் புள்ள அங்க ஜாதிக்காக ரோட்டுல கெடக்கறான்.”

“அவரு ரோட்டுல கெடக்கறதாலதான் ஆயா, டப்பா வரல,” என்றாள் சின்னப்பொண்ணு.

“யாருடி ஆயா? எனக்கு இன்னா வயசாச்சின்னு ஆயான்ற?”

“சரிங்க அத்த. கோச்சிக்காதீங்க. ஒங்களுக்கு இருபது பர்சண்ட் வரட்டும். எங்க மலைக்கு எல்லா பர்சண்டும் குடுத்துட்டாங்களாம், எங்கூட்டுக்காரரு சொன்னாரு. பஸ்ஸுதான் இன்னும் குடுக்கல.”

இருசம்மாள் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தாள். குழந்தை அதற்குள் காம்பை விட்டுவிட்டுத் தூங்கியிருந்தது. இத்தனை நாளும் மூடியே கிடந்த கை, விரல்கள் விரிந்து சின்னப்பொண்ணின் வயிற்றில் கிடந்தது. இருசம்மாள் குனிந்து பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“நெறைய குடிச்சிதா?” என்றாள்.

“குடிச்சிது.”

“ஏப்பம் எடுக்க வெச்சியா?”

“வெக்கறேன்.”

“தோள்ல போடு. அப்டி இல்லடி, இப்டி.”

அதோடு ஜாதிப் பேச்சு அன்றைக்கு முடிந்தது. ஆனால் விஷப் பேச்சு முடியவில்லை. செல்வி துணியை அவிழ்த்ததும் இருசம்மாள் குறுக்கே நின்றாள். வெயிலில் போய்விட்டு வந்தவளே முதல் பாலைக் கீழே பீய்ச்சிவிட்டுத்தான் கொடுப்பாள். பூக்கட்டு கட்டி நிறுத்தினதை எப்படிக் கொடுப்பது? அவள் நம்பியதில் பொய் இல்லை. அவள் கட்டு கட்டிய மார்பில் அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் வாய் வைத்ததில்லை. வைக்கக் குழந்தை இருந்ததில்லை. நிறுத்துவதற்கு மட்டும் கைராசி. மறுபடி வரவழைக்கச் சொல்லி அவளை யாரும் கேட்டதே கிடையாது.

கடைசியில் அங்கேயும் ஒரு பேரம் படிந்தது: முதல் நாலு சொட்டைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் கொடுப்பது. செல்வி பிழிந்தாள். நாலு சொட்டு வரவில்லை. ஒன்று வந்தது, மஞ்சளாக. மாமியாரும் மருமகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே விடுவதற்குக்கூட இல்லாத சரக்குக்கு இத்தனை வாக்குவாதம்.

“சரி, குடு,” என்றாள் இருசம்மாள்.

அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. குழந்தைக்குப் பசி எடுத்ததும் முதல் வாய் செல்வி. அது இழுக்கும், முட்டும், காலை உதைக்கும், முகம் சிவந்து வீறிடும். ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் மாற்றுவாள். அதுவும் ஆனபின் தட்டி ஓட்டை வழியாகச் சின்னப்பொண்ணிடம். ராசு தன் சொத்தில் பங்கு கேட்டு வந்தவளைப் பிடிக்காமல் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். விற்கப் பூ இல்லாத இருசம்மாள் வாய்க்காமேட்டு முருங்கைகளை எல்லாம் மொட்டையடித்தாள். கீரையும் பூண்டுமாக வதக்கி இரண்டு தட்டில் போட்டாள். ஒரு தட்டை ஓட்டை வழியாக நீட்டினாள்.

“இது எதுக்கு அத்த?” என்றாள் சின்னப்பொண்ணு.

“மாட்டுக்குத் தவிடு வெக்காம கறக்க முடியுமா? தின்னு.”

ஒரு நாள் மத்தியானம் குழந்தை வழக்கம்போலச் செல்வியிடம் முட்டியது, உதைத்தது. அப்புறம் நின்றது. தொண்டையில் ‘மொடக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. செல்வி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு மிடறுதான். அதற்கு மேல் வரவில்லை. குழந்தை அழுதது; ஓட்டை வழியாகப் போயிற்று. ஆனால் அந்த ஐந்தாறு மறுநாள் கொஞ்சம் கூடியது.

மறியல் முடிந்தது. வெட்டிய மரங்களை இழுத்துப் போட்டு, முதல் பஸ் ஊருக்குள் வந்தது. கொளஞ்சியப்பன் வரவில்லை. மறியலில் பிடித்த ஆட்களோடு அவனையும் வேனில் ஏற்றி வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டதாக, உடன் போய்த் தப்பி வந்தவன் சொன்னான். ஆள் நன்றாக இருக்கிறான், வர நாளாகும் என்றான். அன்றைக்கே கடலை மில்லும் நாளைக்குத் திறக்கும் என்று தமுக்கு அடிக்காத குறை. இருசம்மாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கையில் புது டப்பாவும் ஒரு கையில் மல்லிகை மொட்டுமாக வந்தாள்.

“அவன் வர்ற வரைக்கும் ஒன் கூலிதான் வூட்டுக்கு. பாதி வேல, பாதிக் கூலியில காலம் தள்ள முடியாது. பூவத் தொடுத்து மறுபடி கட்டிடறேன். நாளைக்கு நீயே முழு நாளும் போ.”

“பாதி அவளுதுன்னு பேசிட்டேன் அத்தே.”

“பேசினத எழுதியா வெச்சிருக்குது? அவளும் வர்றா, நீயும் வர்ற, மேஸ்திரி யாரக் கேப்பாரு? ஒன் எடம். மில்லு மூடிக் கெடந்த நாளு மேஸ்திரி சொன்ன வாரத்துல சேராது.”

செல்வி டப்பாவைக் கையில் வாங்கி, அதன் மேலிருந்த குண்டுக் குழந்தையைப் பார்த்தாள். மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. டப்பா வந்துவிட்டது. சின்னப்பொண்ணு என்ன செய்துவிட முடியும்?

“அத்தே, நீ மொழத்தக் கொறச்சி அளக்கற. திட்டிக்கினே போறவங்க நாளைக்கும் ஒங்கிட்டத்தான் வராங்க. ஏன்?”

இருசம்மாள் முறைத்தாள். செல்வியே பதிலும் சொன்னாள்.

“பஸ் ஸ்டாண்டுல வேற பூக்கடை இல்ல, அதான். எனக்கும் அந்த ஓட்டைய வுட்டா வேற கடை இல்ல. எனக்கு இன்னும் பாதிதான் ஊறுது. டப்பா இன்னிக்கு வரும், நாளைக்கு எவனாவது மரத்த வெட்டுவான். வெட்டறதுக்கு நம்ம வூட்டு ஆளே போவாரு. அன்னிக்கு நான் யாருகிட்டப் போயி நிக்கறது? இவ மூஞ்சில எப்டி முழிக்கறது?”

“அப்ப இந்தப் பூவ இன்னா பண்றது?”

“வில்லு. முழுசா அளந்து வில்லு. சனங்க ஒரு வாரமா பூ இல்லாம கெடக்குது.”

இருசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூடையை எடுத்தாள். டப்பாவையும் கடைக்காரரிடமே திருப்பலாமா என்று கேட்டாள். செல்வி வேண்டாம் என்றாள். இருக்கட்டும், ஆபத்துக்கு ஆகும். டப்பாமேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே மில் வாசலுக்குப் போனார்கள். மேஸ்திரி பிச்சைமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பீடியைக் காதில் செருகினார்.

“ஒரு எடத்துக்கு ரெண்டு மூஞ்சியா? ஆவாது. யாரு நிக்கறது, யாரு போறது, சொல்லுங்க.”

“மேஸ்திரி, ஒங்களுக்குத்தான் லாபம்,” என்றாள் செல்வி. “நாள் பூரா ஒக்காந்தவளுக்கு மத்தியானம் சோறு தின்னதும் கண்ணு சொக்குது. சொத்தையும் நல்லதும் ஒண்ணாத்தான் தெரியுது. போன மாசம் மொதலாளி ஒங்களத் திட்டினாராமே, மூட்டையில சொத்தை ஜாஸ்தின்னு?”

“அத யாரு சொன்னது ஒனக்கு?”

“ஊரே சொல்லுது. நாங்க மத்தியானத்துல ஆள் மாறினா புதுக் கண்ணு, புதுக் கை. அதே கூலி. வேல மட்டும் ரெண்டாள் வேல.”

“நடுவுல எழுந்து போறதும் இல்லைங்க,” என்று சின்னப்பொண்ணு சேர்ந்துகொண்டாள். “ரெண்டு பேருல ஒருத்திக்கு ஒடம்பு முடியலன்னாலும் எடம் காலியா இருக்காது.”

மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அவர் மகளைவிடச் சின்னதுகள்.

“இந்த வாரம் பாக்கறேன். ஒரு முறம் கொறஞ்சிதோ, ரெண்டு பேரும் வெளிய.”

சின்னப்பொண்ணு உள்ளே போனாள். செல்வி திரும்பினாள். காலைப்பொழுது முழுக்க இரண்டு பிள்ளைகளோடு போராட்டம். தன் பெண்ணுக்குக் கொடுத்தாள், மடி காலி. ராசுவுக்கு ஆயம்மாளின் கூழ்தான் வழக்கம்போல. அவன் கூழைக் குடித்துவிட்டு, பேசின பேச்சு என்ன ஆயிற்று என்பதுபோலச் செல்வியின் மடியில் வந்து முட்டினான். அவனுக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் இழுத்துப் பார்த்துவிட்டுக் கடித்தான். பல் வரவில்லை, ஈறுதான். ஆனாலும் கடன்காரன் கடி.

மத்தியானச் சங்கு ஊதியதும் ஒன்றை இடுப்பில், ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மில் வாசலுக்கு ஓடினாள். சின்னப்பொண்ணு வெளியே வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

“எம் பையனுக்குக் குடுத்தியா?”

“இல்ல. ஊறல.”

சின்னப்பொண்ணு தலையாட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது செல்விக்கு. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

கடலைப் பருப்பு, சொத்தை, சுருங்கல், கல். கை பழையபடி ஓடியது. பக்கத்து முறம் கொளஞ்சியம்மாளுடையது. மில்லின் மூத்த வாய். இவள் புருஷன் ஜெயிலில் களி தின்கிறானா, சோறு தின்கிறானா என்று விசாரித்தாள். செல்வி பதில் சொல்லிக்கொண்டே பொறுக்கினாள். வெயில் கூரைத் தகரத்தில் இறங்கி மேற்கே சாய்ந்தது. வெளியே ரோட்டில் கச்சிராயபாளையம் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அதிலிருந்து இறங்கிய யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது. இவள் பெண்ணும் இல்லை, ராசுவும் இல்லை. யாரோ.

மார்புக்குள் ஊசி ஊசியாகக் குத்திற்று. அக்குளிலிருந்து ஏதோ சூடாக இறங்கியது. செல்வி குனிந்து பார்த்தாள். ரவிக்கை முன்னால் இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு சொட்டு முறத்தில் விழுந்தது.

“ஏ பொண்ணே, சொம்புத் தண்ணியக் கவுத்துக்கினியா?” என்றாள் கொளஞ்சியம்மாள். உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அட, இது அந்தத் தண்ணி இல்ல போலக் கீதே. இவ்ளோவும் பாழாப் போவுதேடி.”

“போவாது அத்த,” என்றாள் செல்வி. “அடுத்த வூட்டுல ஒரு குண்டன் காலம்பறல இருந்து பாக்கிக்குக் காத்துக்கினு கீறான்.”

அந்தக் கடைசியிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். செல்வி முந்தானையை இழுத்து மார்பில் இரண்டு சுற்றுப் போட்டுக்கொண்டாள். நனைந்த பருப்பைத் தனியே எடுத்துத் துடைத்து நல்லதோடு சேர்த்தாள். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. அதுவரை ஒரு முறமும் குறையக்கூடாது.